நல்ல டயர் எந்தப் பக்கம்?

ராஜா அண்ணாமலைபுரத்தில் எனக்கு ஒரு பஞ்சர் கடை இருக்கிறது. கடை என்றதும் ஷட்டர், போர்டு, ஊதுபத்தி என்றெல்லாம் கற்பனை பண்ண வேண்டாம். ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் கீழே காற்றடிக்கும் கம்ப்ரஸர், ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அப்புறம் நான். மதியம் ரெண்டு மணிக்கு வந்தால் மரம் முழித்துக்கொண்டிருக்கும், நான்தான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதையே இரண்டு வருஷம் படித்ததால், கூட்டிப் பார்த்தால் ஆறாவது பாஸ் என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் டயர் விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது. இருபது வருஷ சர்வீஸ். ஆணியைப் பார்த்தே வண்டி எந்தத் தெருவில் குத்து வாங்கியது என்று சொல்வேன். பாதி தப்பாக இருக்கும். ஆனால் அழுத்தமாகச் சொல்வேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல டயர் பின்னாடி. மீன் கூடை, பால் கேன், சிமெண்டு மூட்டை, கேரியரில் உட்காரும் சம்சாரம், எல்லா பாரமும் பின் சக்கரத்தில்தான் உட்காரும். அதனால் பின் டயர்தான் முதலில் தேயும். புதுசு வாங்கினால் பின்னாடி மாட்டுவோம். பின்னாடி இருந்ததை முன்னாடி தள்ளுவோம். முன்னாடி இருந்த மொட்டை டயர் கழன்று போய் மரத்தில் தொங்கும். இருபது வருஷமாக இப்படித்தான் மாட்டுகிறேன். ஒருத்தர்கூட வந்து சண்டை போட்டதில்லை.

இந்த வழக்கம் என் தாடையில் இறங்கிய கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

அடையாறில் ஃபிளாட்டில் குடியிருந்த ஒரு வாடிக்கையாளர் வெளிநாட்டுக்குப் போகும்போது தன் மலை சைக்கிளை என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணா, நீங்களே வச்சுக்கோங்க. வித்துடாதீங்க, ஓட்டுங்க" என்றார். முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், டிஸ்க் பிரேக், அகலமான ஹேண்டில்பார். டயர் மட்டும் வருஷக் கணக்கில் பால்கனி வெயில் குடித்துக் காய்ந்து கிடந்தது.

நான் நாற்பது வயசு வரைக்கும் அடுத்தவன் வண்டியை ஓட வைத்தவன். எனக்கென்று ஒரு வண்டி ஓட்டியதில்லை. வீட்டுக்கும் கடைக்கும் பத்து நிமிஷ நடை. அதற்கு எதற்கு வண்டி?

என் கடைக்குச் சனிக்கிழமைதோறும் காற்றுப் பிடிக்க ஒரு மயிலாப்பூர் மாமி வருவார். என் வயசுதான் இருக்கும், கம்ப்யூட்டர் வேலை. நான் முதலில் "மேடம்" என்றுதான் கூப்பிட்டேன். "மேடமெல்லாம் ஆஃபீஸ்ல போதும்ப்பா, மாமின்னே சொல்லு" என்று அவரே மாற்றிவிட்டார். ஞாயிறு காலையில் வண்டலூர் தாண்டி ஒரு பாறைக் குன்றுக்குப் போய், ஆடு மேய்ப்பவர்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர். என் சைக்கிளைப் பார்த்ததும், "வச்சுண்டு என்ன பண்ணப்போறே? நாளைக்கு எங்களோட வா" என்றார்.

போனேன். அந்த முதல் ஐந்து நிமிஷத்தை எப்படிச் சொல்வது? ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும் பாதை. இரண்டு பக்கமும் புதர். சக்கரம் கல்லில் ஏறி இறங்க, வயிறு தனியாக ஒரு நொடி மேலேயே நின்றுவிட்டு அப்புறம் வந்து சேர்கிறது. ஒரு மயில் குறுக்கே ஓடியது. நான் "ஹோ" என்று கத்தினேன். யாரோ கத்துகிறார்களே என்று திரும்பிப் பார்த்தேன், நான்தான். அன்றைக்கே மனசில் முடிவு பண்ணிவிட்டேன், இனி எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் இதுதான் என்று.

ஆறாவது நிமிஷம் விழுந்தேன்.

பாதை இறங்குகிற இடத்தில் இடது பக்கம் ஒரு திருப்பம். கீழே கெட்டியான செம்மண், அதன் மேல் கேழ்வரகைக் கொட்டிவிட்ட மாதிரி பொடிச் சரளை. ஹேண்டில்பாரைத் திருப்பினேன். சைக்கிள் திரும்பவில்லை. நான் மட்டும் நேராகப் போய், இரண்டு உள்ளங்கையையும் முழங்கையையும் பூமிக்குக் கொடுத்தேன். டயர் பழசு, அதான் என்று எல்லோரிடமும் சொன்னேன். வீட்டில் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் நாலு நாள் முழுக்கைச் சட்டை போட்டுப் பஞ்சர் ஒட்டிய ஒரே ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். ஐந்தாம் நாள் குளிக்கும்போது மாட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறுக்கு உஷாராகத் தயார் ஆனேன். மாமி எப்போதோ கழற்றிப் போட்ட பட்டன் டயர் ஒன்று மரத்தில் தொங்கியது. பட்டன் டயர் என்றால் மேலே கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்குமே, அது. பாதி தேய்ந்திருந்தாலும் கையில் பிடித்தால் கம்பீரமாக இருந்தது. எங்கே மாட்டியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். பின்னாடி மாட்டினேன். பின்னாடி இருந்த காய்ந்த டயரை முன்னாடி தள்ளினேன். முழுக் காற்று அடித்தேன், கல் மாதிரி.

அதே திருப்பம். அதே சரளை. இந்தத் தடவை தாடை.

என் சம்சாரம் தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை செக்‌ஷனில் நிற்கிறாள். காலையில் இருந்து ராத்திரி வரை நின்றுகொண்டே இருபது புடவை விரித்து, "இதுல வேற கலர் இல்லையா" என்று கேட்பவர்களிடம் சிரித்துக்கொண்டு இருபத்தோராவதை விரிப்பவள். அந்தப் பொறுமை வாசலோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்தால் வேறு ஆள்.

"இன்னாய்யா இது, தாடையில தக்காளிய நசுக்குன மாதிரி கீது?"

"டயர் வழுக்கிச்சிமே."

"போன தபாவும் அதான் சொன்ன."

"போன தபா டயர் மோசம். இந்த தபா நல்லதா ஒண்ணு மாட்டிக்கினு போனேன்."

"நல்லது எங்க மாட்டின?"

"பின்னாடி."

"வழுக்குனது எது?"

கொஞ்சம் யோசித்தேன். "முன்னாடி."

பஞ்சை டிஞ்சரில் முக்கியவள் அப்படியே என்னைப் பார்த்தாள். புடவை வாங்க வந்துவிட்டு வேட்டி விலை கேட்பவனைப் பார்க்கிற பார்வை.

"பொடவைக்கு முந்தானையில ஜரிகை வைக்கறாங்க. உள்ள சொருவுற எடத்துலயா வைக்கறாங்க? எது மொதல்ல கண்ணுல படுதோ அங்க நல்லத வைப்பான். உனுக்கு எது மொதல்ல வளைவுல பூருதோ அங்க நல்லத வைக்கணும்னு தோணல?"

"மே, இது தொழில் விஷயம். உனுக்கு இன்னா தெரியும்?"

தாடையில் டிஞ்சரை அழுத்தி வைத்தாள். தொழில் விஷயம் அதோடு முடிந்தது.

அப்போதுதான் என் மச்சான் உள்ளே வந்தான். சம்சாரத்தின் தம்பி. பாலவாக்கத்தில் தண்ணீர் கேன் போடுகிறவன். என் சைக்கிள் மேல் அவனுக்கு முதல் நாளிலிருந்தே கண்.

"மாமா, அந்த சைக்கிள என்கிட்ட குடு. ரெண்டு பக்கமும் கம்பி அடிச்சி நாலு கேன் தொங்க விட்டா சந்து சந்தா போவும். சும்மா போய் மூஞ்ச ஒடச்சிக்கினு வர்றதுக்கு..."

சம்சாரம் தீர்ப்பு சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை தோல் உரிந்தால் சைக்கிள் தம்பிக்கு. அதோடு, முழுக்கைச் சட்டை விஷயம் அவளுக்கு மறக்கவில்லை. "நீ வந்து சொல்றத நம்ப மாட்டேன். நானே வந்து அந்த எடத்துல குந்தி என் கண்ணால பாக்கறேன். நீ உருப்படியா எறங்குனா வண்டி உன்னுது. வுயுந்தா கேன் வண்டி."

அவளுக்கு வார லீவு செவ்வாய்க்கிழமை. அது கல்யாண சீசன் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக, தன்னோடு வேலை செய்கிற பெண்ணுக்கு இரண்டு செவ்வாயை விட்டுக்கொடுத்தாள். அவ்வளவு செலவழித்து நான் விழுவதைப் பார்க்க வருகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை மாமி காற்றுக்கு வந்தார். நான் ஒன்றும் சொல்லாமல் என் சைக்கிளை அவர் முன்னால் நிறுத்தினேன். குனிந்து பார்த்தவர் நிமிர்வதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்ப்பா, முன்னாடி மொட்டை, பின்னாடி ஜடையா?"

"எங்க வழக்கம் மாமி. நல்லது பின்னாடி."

"பின்னாடி வழுக்கினா வண்டி வாலை ஆட்டும். நீ சமாளிச்சுண்டு போயிடலாம். முன்னாடி வழுக்கித்துன்னா, சமாளிக்கணும்னு நினைக்கறதுக்குள்ள நீ தரையில இருப்பே."

"இத போன வாரமே சொல்லக் கூடாதா?"

"பஞ்சர் கடைக்காரனுக்குப் போய் நான் டயர் சொல்லித் தரதா? நீ ஏதோ பெரிய ஐடியாவோட மாட்டிண்டிருக்கேன்னுன்னா நினைச்சேன்!"

இருபது வருஷ சர்வீஸ் மரத்தடியில் புழுதியாகப் பறந்தது. ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். பாரம் தூக்குகிற சைக்கிளுக்கு என் வழக்கம் சரிதான். மீன்காரர் யாரும் சரளையில் வளைவதில்லை. நான்தான் மீன்காரர் கணக்கை மலைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அடுத்த நாள் ஞாயிறு நான் குன்றுக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை, அவள் விட்டுக்கொடுப்பதற்கு முன் மிச்சமிருந்த கடைசிச் செவ்வாய், நானும் சம்சாரமுமாக அடையாறில் ஒரு பெரிய சைக்கிள் கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி. டயரெல்லாம் நகைக் கடையில் ஆரம் மாட்டியிருக்கிற மாதிரி சுவரில் மாட்டியிருந்தது. விற்கிற பையன் இங்கிலீஷில் என்னவோ கேட்டான். நான் எல்லாவற்றுக்கும் "எஸ்" என்றேன். அவன் டீ வேண்டுமா என்று கேட்டானாம். டீ வந்தது.

சம்சாரம் முன்னால் வந்தாள். வாடிக்கையாளர் பக்கம் நின்று பழிவாங்க அவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு.

"தம்பி, அது எடு. அதுக்குப் பக்கத்துல கீதே, அதுவும். இதுல வேற டிசைன் இல்லியா?"

பையன் பதினோரு டயரைத் தரையில் பரப்பினான். அவள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள். நானும் அவளுக்குப் போட்டியாக நகத்தை அழுத்திப் பார்த்தேன். அப்போதுதான் டயரை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். சிலதில் பட்டன் உயரமாக, தள்ளித் தள்ளி இருந்தது. பூமியைக் கடித்துப் பிடிக்கும், நடுவில் மண் அடைக்காது. ஓர வரிசை தடித்து நின்றது, வளைவில் சாயும்போது அந்த ஓரம்தானே தரையில் படும். ரப்பரும் மெத்தென்று, நகம் இறங்கியது. வேறு சிலதில் நடுப் பட்டன் தாழ்வாக, நெருக்கமாக இருந்தது. அது உருள நல்லது, மிதிக்கிற காலுக்கு பாரம் தெரியாது. ரப்பர் கெட்டி, பக்கச் சுவரும் தடிப்பு.

"ரெண்டு பக்கமும் இந்த மெத்து டயரே போட்டுடலாமா?" என்றேன். ஒரேயடியாகக் கட்சி மாறுவதில் எனக்கு நிகர் நான்தான்.

"இது பட்டு. அது சிந்தெட்டிக்" என்றாள் அவள், இரண்டையும் காட்டி. "பட்டத் தெனம் கட்டிக்கினு மாவாட்டுவாங்களா? உன் பாரம் பூரா பின்னாடிதான் குந்துது, பின்னாடிதான் தேயுது, நீயே சொல்ற. அங்க பட்டப் போட்டா ரெண்டு மாசம் வராது. ஏர்றப்ப ஒட்டிக்கினு காலப் புடிச்சி இயுக்கும். பட்டு முன்ன, சிந்தெட்டிக் பின்ன."

கடைப் பையன் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அக்கா சொல்றதுதான் கரெக்ட் அண்ணா" என்றான். முன்னாடிக்குக் கொஞ்சம் அகலமான மெத்து டயர், பின்னாடிக்கு ஒரு சுற்று ஒல்லியான கெட்டி டயர். அவளே இரண்டையும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

ஞாயிறு விடிந்ததும் மச்சான் தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்தான். கேன் ஏற்றுகிற அந்தச் சின்ன லாரியில் சைக்கிளை ஏற்றினோம். முன்னால் நாங்கள் மூன்று பேர். அவன் காலடியில் ஒரு புதுக் கயிற்றுச் சுருள்.

"கயிறு இன்னாத்துக்குடா?"

"திரும்பி வர்றப்ப வண்டிய எங்க வூட்டாண்ட எறக்கணும்ல மாமா. கெட்டியா கட்டணும்."

குன்றின் அடியில் மாமி காத்திருந்தார். என் டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "என்ன இது, கல்லா? காத்தை எறக்கு. பின்னாடி கொஞ்சம், முன்னாடி அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. டயர் தரையில நன்னா படியணும்" என்றார். காற்றடைப்பது என் பிழைப்பு. ஓட்டையே இல்லாத டயரிலிருந்து என் கையாலேயே காற்றைத் திறந்து விட்டேன். உஸ்ஸென்று போகும்போது என் உடம்பிலிருந்து போகிற மாதிரி இருந்தது.

சம்சாரம் அந்தத் திருப்பத்துக்கு எதிரே ஒரு பாறையில் உட்கார்ந்தாள். எலுமிச்சை சாதப் பொட்டலம் மடியில். பக்கத்தில் மச்சான், பக்கத்தில் அவன் கயிறு. நான் மேலே போனேன்.

இறங்கினேன். மனசில் ஒன்றுமில்லை, தாடை மட்டும்தான் இருந்தது. சரளை வந்தது. திருப்பினேன். முன் சக்கரம் திரும்பியது! பல்லால் கடித்த மாதிரி பூமியைப் பிடித்துக்கொண்டு போனது. பின்னாடி மட்டும் லேசாக இடுப்பை ஆட்டியது. ஆடிவிட்டு அதுவே நேராகிவிட்டது. கீழே போய் நின்றேன். முழு ஆள்!

"பாத்தியாமே!"

சம்சாரம் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தாள். விரல் இடுக்கைத் திறந்தாள். "வுயுந்துட்டியா?"

"பாக்கலியா நீ?"

"பயமா இருந்துச்சிய்யா. கண்ண மூடிக்கினேன்."

"சுத்தமா வந்தார், நான் பார்த்தேன்" என்று மாமி சாட்சி சொன்னார்.

"நீங்க அவரு கூட்டு மாமி. நான் பாத்தாத்தான் செல்லும்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபடி மேலே ஏறினேன். மறுபடி இறங்கினேன். மறுபடி நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அவள் முந்தானையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை, நான் திருப்பத்துக்கு வரும் நேரம் பார்த்து மச்சான் "அய்யோ மாமா!" என்று அலறினான். அவ்வளவுதான், அவள் மறுபடி மூடிவிட்டாள். நான் இறங்கி வந்து அவனை அடிக்கத் துரத்தினேன். துரத்த முடியவில்லை. தொடை இரண்டும் வெந்த சேனைக்கிழங்கு மாதிரி ஆகியிருந்தது.

"இப்பிடியே போனா நீ களைச்சிப் போய் வுயுந்துடுவ மாமா" என்றான் அவன், கயிற்றைத் தடவிக்கொண்டு. அது உண்மைதான். அதுதான் எனக்குப் பயம்.

"இந்த தபா பாக்கறேன்யா. சத்தியமா" என்றாள். கட்டை விரலால் கீழ் இமையையும் ஆள்காட்டி விரலால் மேல் இமையையும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். கண் சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறவர்கள் பிடிப்பார்களே, அப்படி. இரண்டு கண்ணுக்கும் இரண்டு கை. சாதப் பொட்டலத்தை மாமி வாங்கிக்கொண்டார்.

நாலாவது தடவை ஏறும்போது பாதியில் இரண்டு இடத்தில் நின்றேன். மேலிருந்து பார்த்தால் பாறை மேல் கண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். விட்டேன். கை தளர்ந்திருந்தது, பிரேக்கைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்துவிட்டேன். பின் சக்கரம் இந்தத் தடவை லேசாக இல்லை, நன்றாகவே அகலமாக வீசியது. சைக்கிள் குறுக்கே போவது எனக்கே தெரிந்தது. முன் சக்கரம் மட்டும் விடவில்லை. அது பிடித்த இடத்தில் பிடித்தபடி இழுத்துக்கொண்டு போக, பின்னாடி சிணுங்கிக்கொண்டே வந்து சேர்ந்துகொண்டது. கீழே நின்றேன். காலை ஊன்றினேன்.

அவள் பாறையிலிருந்து இறங்கி வந்தாள். இமையை விட்ட கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவ்வளவு நேரம் இமை கொட்டாமல் பிடித்திருந்தாள். என் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள். முழங்கையைத் திருப்பினாள். தாடையைப் பிடித்து, கத்திரிக்காயில் சொத்தை பார்க்கிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பினாள். முழங்காலைத் தட்டினாள்.

"செரி. வச்சிக்கோ."

மச்சான் கயிற்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "இதுக்கு நான் காலையில நாலு தெருவுக்குக் கேன் போட்டிருப்பேன்" என்றான். மாமி கை தட்டினார். நான் பெரிதாக ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் சம்சாரம். "பின்னாடி அந்த ஆட்டம் ஆடுச்சே, உனுக்கு பயமா இல்ல?"

"இருந்துச்சி."

"அப்பறம் ஏன்யா ஈன்னு சிரிச்சிக்கினே வந்த?"

நான் சிரித்ததே எனக்குத் தெரியாது. மாமியைப் பார்த்தேன். "எல்லா வாட்டியும் அப்படித்தான் வர்றே. பல்லெல்லாம் தெரியறது" என்றார் மாமி. இரண்டு தடவை விழுந்தபோதும் அப்படித்தான் போயிருப்பேன் போலிருக்கிறது. இருபது வருஷமாக என்னோடு இருக்கிற சம்சாரம் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள், ஏதோ புதுச் சரக்கு வந்த மாதிரி.

"இன்னொரு தபா போய் வா" என்றாள்.

"ஏம்மே? பாத்துட்டல்ல?"

"அது வேற. இது சும்மா. பாக்கணும் போல கீது."

காலில் ஜீவன் இல்லை. மச்சானைக் கூப்பிட்டேன். அவன் என்னைத் திட்டிக்கொண்டே பின்னாலிருந்து சைக்கிளைத் தள்ள, நான் முன்னால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். கீழே அவள் மறுபடி பாறையில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, மாமிக்கு ஒரு கை சாதம் வைத்துக்கொண்டிருந்தாள். கண்ணைப் பிடித்துக்கொள்ள அவளுக்குக் கை காலியாக இல்லை. பிடிக்காமலேயே அது மேலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.